குதிரைக்குக் கட்டிய பரிவட்டம்

சாமிக்குச் சாத்தின துண்டை அடுத்த சீமைக்காரன் தலையில் கட்டினாங்க. அதுதான் தப்பு.

கம்மாய்க்கு மடை வைக்காத காலம் அது. நம்ம ஈச்சமேடு கையகலச் சீமை. வடக்கே பெரியகோட்டை ராசா. அவன் யானை குளிச்சா நம்ம கம்மாய் வத்திப்போகுமாம். நமக்குத் தலைவன் குமராண்டி.

ஒரு வருசம் மாட்டுத் திருடர் தொல்லை. பெரியகோட்டையான் கேட்காமலே குதிரைப்படை அனுப்பினான். திருடர் ஓடினாங்க. குமராண்டிக்கு மனசு குளிர்ந்துபோச்சு. அய்யனார் கோயில் திருவிழாவில் தனக்கு வரவேண்டிய முதல் பரிவட்டத்தை அந்தப் படைத்தலைவனுக்குக் கட்டச் சொன்னான்.

திருடன் போயிட்டான். படை போகலை.

குமராண்டியின் அக்கா கம்மாய்க்கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தாளாம். "போறவன் மூணு கல்லைக் கூட்டிச் சோறாக்குவான். இவங்க மண்ணடுப்புப் போட்டு மெழுகியிருக்காங்கடா தம்பி."

குமராண்டி சிரிச்சான். ஆனா அன்னையிலிருந்து சோறு இறங்கலை. படைக்காரன் கும்பிட்டா ஏன் கும்பிடுறான்னு யோசனை. கும்பிடலேன்னா ஏன் கும்பிடலைன்னு யோசனை.

மறு திருவிழாவுக்கு முன்னால் பெரியகோட்டை ஆள் வந்து நின்னான். "முதல் பரிவட்டம் யாருக்கோ அவருக்கே சீமை. போன வருசம் எங்களுக்குக் கட்டினீங்க. இந்த வருசம் ராசாவே வர்றார்."

கட்டினா ஊர் போச்சு. கட்டலேன்னா தலை போச்சு. தெற்குச் சீமைக்காரனைத் துணைக்குக் கூப்பிடலாமான்னு குமராண்டி அக்காவைக் கேட்டான்.

"அவன் மட்டும் மூணு கல்லோடவா வருவான்?" என்றாளாம்.

திருவிழா வந்தது. ராசாவும் வந்தார். பூசாரி துண்டோட குமராண்டியைப் பார்த்தார். குமராண்டி அக்காவைப் பார்த்தான். அக்கா முன்னால் வந்தாள். துண்டை வாங்கினாள். நேரே போய் அய்யனாரின் மண்குதிரை நெற்றியில் கட்டினாள்.

ராசாவின் கை வாள்பிடிக்குப் போச்சாம். "என்னைவிடக் குதிரை பெரிசா?"

"எங்க ஆளுக்குக் கட்டினா உங்களுக்கு இழுக்கு, சாமி. அய்யனார் ஏறுற குதிரைக்குக் கட்டினா என்ன இழுக்கு? அடுத்தது உங்களுக்குத்தான்."

ராசா திரும்பிப் பார்த்தார். அவர் படையே அந்தக் குதிரை முன்னால் விழுந்து கும்பிட்டுக் கிடக்குது. அய்யனாரோட யார் மல்லுக்கு நிற்பா? ரெண்டாவது துண்டை வாங்கிக்கிட்டார்.

ரெண்டாவது வாங்கினவன் விருந்தாளி. விருந்தாளி கிளம்பணும். கிளம்பினார். படையும் பின்னாலே போச்சு. ஊரே சேர்ந்து மண்ணடுப்புகளை இடிச்சுது.

இன்னைக்கும் நம்ம ஊரில் மனுசனுக்கு முதல் பரிவட்டம் கிடையாது. உதவிக்குன்னு எவன் வந்தாலும் முதல்ல அவன் அடுப்பைப் பார்ப்போம். அந்தக் குதிரைக்கு வருசாவருசம் வெள்ளைதான் பூசுறோம். பேரு மட்டும் இருளாயி.

குமராண்டியோட அக்கா பேரு அது.