ஐந்தாம் நம்பர் மெஷின்

பைல்களை ஒழுங்காக அடுக்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், மேடம். நீங்கள் கேட்ட ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேனே, கவனித்திருப்பீர்கள். ஆரணியில் முப்பது படுக்கை உள்ள இந்த ஆஸ்பத்திரிக்குப் பதினோரு வருடமாக நான்தான் மேனேஜர். லைசென்ஸ், தீயணைப்புச் சான்று, மருத்துவக் கழிவு, அரசு காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் எல்லாம் என் பொறுப்பு. டாக்டர் கையெழுத்து மட்டும் போடுவார். "கிளமெண்ட் பாத்துப்பான்" என்பார். பார்த்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் பிரிவில் ஐந்து மெஷின்கள். ஐந்தாவது சம்பந்தம் ஐயாவுக்கு மட்டும். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, இருந்தது. அப்படிப்பட்டவருக்குப் போடும் மெஷினை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்பது விதி. அந்த விதியை டைப் அடித்துச் சுவரில் ஒட்டியதே நான்தான்.

ஜூன் முதல் வாரம் டெக்னீஷியன் வனிதா என் அறைக்கு வந்தாள்.

"சார், அஞ்சாம் நம்பர் மெஷின் போயிடுச்சு. போர்டே எரிஞ்சிருக்கு. புதுசு வர மாசக்கணக்குல ஆகுமாம். சம்பந்தம் ஐயாவை வேலூருக்கு அனுப்பிடலாம் சார்."

அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் காப்பீட்டு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவரை ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்பார்கள், பதிவில் எழுதுவார்கள்; அது குழுவின் கண்ணில் படும். தனி மெஷின் இல்லை என்று தெரிந்தால் ஒப்புதல் ரத்து. அதோடு விடமாட்டார்கள்; மூன்று வருடமாகக் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் ஆனது. இன்று அந்தக் கட்டடத்தில் பர்னிச்சர் கடை நடக்கிறது. எங்கள் வருமானத்தில் முக்கால் பங்கு அந்தத் திட்டத்திலிருந்து வருகிறது. டாக்டரின் வீடு பேங்க்கில் அடமானத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டு பேருக்குச் சம்பளம். மூடிவிட்டால் டயாலிசிஸுக்கு வருகிற ஏழைகள் எங்கே போவார்கள்? நான் யோசித்தது அவர்களைத்தான்.

ஆகவே சம்பந்தம் ஐயாவை மூன்றாம் மெஷினில், கடைசி ஆளாகப் போடச் சொன்னேன். முடிந்ததும் நன்றாகக் கழுவச் சொன்னேன்.

"கழுவனா மட்டும் போதாது சார். பேஜாராயிடும்," என்றாள் வனிதா.

"உன் பசங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டறது யாரும்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவள் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. லேபிலிருந்து மெயில் வந்தது. மூன்றாம் மெஷினில் படுப்பவர்களில் மூன்று பேருக்குக் கிருமி. நான் கல் இல்லை, மேடம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தரே, ஒரு வழி காட்டும் என்று அழுதேன். மூன்றாம் நாள், மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஜூனிலிருந்து தள்ளிப்போய்ச் செப்டம்பரில் வந்த ஆய்வுக் குழு பைல்களைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது.

அந்த மூவரில் ஒருவன் தனசேகரன். முப்பது வயது, பட்டு நெய்கிறவன். வாரம் இரண்டு தடவை அவன் மனைவி காவ்யா ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டி வருவாள். அக்டோபரில் அவள் மாசமானாள். அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற பரிசோதனையில் அவளுக்கும் அதே கிருமி தெரிந்தது. ரத்தத்தால் மட்டுமல்ல, புருஷன் பெண்டாட்டி உறவாலும் தொற்றுகிற கிருமி அது.

தனசேகரன் தனியாக என்னிடம் வந்தான். கையில் நான் கொடுத்த ரிப்போர்ட்.

"எனக்கு இல்லன்னு போட்டிருக்குது. அப்போ அவளுக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்," என்றேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காவ்யா வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கன்னத்தில் விரல் தடம்.

"சார், அவருக்கு இன்னொரு வாட்டி டெஸ்ட் எடுங்க சார். ஒரே ஒரு வாட்டி. எங்கம்மா வீட்டுக்குப் போன்னு சொல்லிகினு இருக்காரு. வயித்துல இருக்கறது யாரோடதுன்னு கேக்கறாரு சார்."

அடுத்த பரிசோதனைக்கு நாள் இருக்கிறது, இடையில் எடுக்க விதி இல்லை என்று சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவு தவிப்பிலும் "தேங்க்ஸ் சார்" என்றாள்.

தனசேகரன் அவளைத் தேவிகாபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அழைத்து வர ஆள் இல்லாமலோ, வெட்கத்தாலோ, அதன்பிறகு டயாலிசிஸுக்கு அவன் வரவே இல்லை. நான்கு முறை தவறியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி சார்பில்.

காரியம் முடிந்த மறுநாள் வனிதா பஸ் ஏறித் தேவிகாபுரம் போயிருக்கிறாள். லேபிலிருந்து வந்த அசல் ரிப்போர்ட்டை, நான் மாற்றுவதற்கு முன்பே என் கம்ப்யூட்டரிலிருந்து போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். காவ்யாவிடம் காட்டிவிட்டு அவள் மடியில் விழுந்து அழுதாளாம். காவ்யா அழவில்லையாம். அந்தப் போனை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆம், மேடம். மெஷினை மாற்றச் சொன்னதும் நான்தான். ரிப்போர்ட்டைத் திருத்தியதும் நான்தான். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒரு ஆஸ்பத்திரியைக் காப்பாற்றப் பார்த்தேன். கழுவிய மெஷினால் யாருக்கும் எதுவும் வராது என்று உண்மையாகவே நம்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்கா ரோஸியா? ஆம், அவளுக்கும் இரண்டு வருடமாக எங்களிடம்தான் டயாலிசிஸ் நடந்தது. மூன்றாம் மெஷின்தான். ஜூன் இரண்டாம் வாரமே அவளை ஏன் வேலூருக்கு மாற்றினேன் என்று கேட்கிறீர்கள். அங்கே ஏசி நன்றாக இருக்கும், மேடம். வேறு ஒன்றுமில்லை.