யாரும் எதிர்க்கவில்லை

— …அங்கதான் பாகீ சூட்சுமமே இருக்கு. ஜெனீவாவுல இருக்கிற அந்த உலக வர்த்தக சபையில ஓட்டெடுப்பு கிடையாது. அத்தனை நாட்டுக்காரனையும் உக்கார வெச்சுட்டு தலைவரா இருக்கிறவன் எழுந்து, "யாராவது எதிர்க்கறீங்களா?"ன்னு கேப்பான். சத்தம் வரலையா, டொக்குன்னு சுத்தியலைத் தட்டிடுவான். உலகமே ஒருமனசா ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். புரியுதா?

— புரியுது. தட்டைத் தள்ளி வெச்சுக்கிட்டு கையை வீசுங்க, குழம்பைக் கொட்டிடப் போறீங்க. சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? வெளிநாட்டு டெலிபோனுக்கு வரியைக் குறைன்னான், குறைச்சாச்சு. நம்ம ஃபேக்டரியில நீயும் நானும் செஞ்சு அடுக்கின போனெல்லாம் குடோன்ல தூங்குது. நம்மள எவன் கேட்டான்? நாளைக்குக் காலையில கேட் மீட்டிங்ல இதைத்தான் புட்டுப் புட்டு வெக்கப் போறேன். "தோழர்களே! ஜெனீவாவில் நடப்பது ஜனநாயகம் அல்ல, நாடகம்!" எப்படி இருக்கு?

— யூனியன் செக்ரட்டரி பேசற மாதிரியே இருக்கு. ஆனா பிடிக்காதவங்க எதிர்க்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?

— அப்படிக் கேளு. முதல்ல ஒரு சின்ன ரூம். பெரிய நாடுங்க, வேண்டப்பட்டவங்க கொஞ்சம் பேரை சேத்துக்கிட்டு கதவை சாத்திக்கும். மத்தவன்லாம் வராந்தாவுல நின்னு கொட்டாவி விடணும். உள்ள பேசி முடிச்சு, கடைசி நேரத்துல பேப்பரைக் கொண்டாந்து பெரிய ஹால்ல நீட்டுவாங்க. முழுசா படிக்கக்கூட நேரம் இருக்காது.

— அப்பவும் கையைத் தூக்கலாமே.

— தூக்கினா? அன்னிக்கு சாயங்காலமே அவன் ஊருக்கு போன் போயிடும். "உங்க ஆளு ரொம்பத் துள்றாரு, உங்களுக்குத் தர்ற உதவியை யோசிக்கணும்"னு. அப்புறம் எவன் தூக்குவான்? ஏழை நாட்டுக்காரன் பாடு இன்னும் மோசம். ஒத்தை ஆளா வந்திருப்பான். ஒரே நேரத்துல நாலஞ்சு ரூம்ல மீட்டிங் நடக்கும். அவன் எந்த ரூம்ல போய் உக்காருவான்?

— அவன் இல்லாத ரூம்ல முடிவெடுத்தா?

— அதான் சட்டமே! உள்ள இருந்து வாயைத் திறந்து எதிர்த்தாதான் எதிர்ப்பு. ஆள் வெளிய போயிருந்தா சம்மதம்னு கணக்கு.

— வெளிய போயிருந்தா சம்மதம்.

— ஆமா. சங்கத்து ஹால்ல பேச வந்த டெல்லி புரொபசர் இதைச் சொன்னப்போ எனக்கு ரத்தமே கொதிச்சுப் போச்சு. எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் பாரு! கொஞ்சம் மோர் குடு, பேசிப் பேசித் தொண்டை காயுது. அல்சர்னு டாக்டர் டீயை நிறுத்தினதிலேர்ந்து மோர்தான் நமக்கு கதி.

— இந்தாங்க. ஏங்க, மத்தியானம் நம்ம கமிட்டியில என்ன முடிவாச்சு? நான் திரும்பி வர்றதுக்குள்ள எல்லாரும் எழுந்துட்டீங்க. பஸ்ல கேட்டேன், வீட்டுல பேசலாம்னீங்க.

— அதுவா? பழைய விஷயம்தான். மோர்ல உப்பு கம்மி.

— அந்தக் கமிட்டியில இருக்கிற அஞ்சு பேர்ல நானும் ஒருத்திதான். லைன்ல இருக்கிற பொம்பளைங்க என்னைத்தான் நம்பி அனுப்பியிருக்காங்க. நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன சொல்றது?

— சொல்லலாம் சொல்லலாம். யாரோ கதவைத் தட்றாங்க பாரு.

— அண்ணே! நான்தான், சின்னப்பா. அக்கா இருக்காங்களா?

— என்னப்பா இந்த நேரத்துல? எதுவா இருந்தாலும் காலையில கேட்ல பேசிக்கலாம், போ.

— ஸ்வல்ப இருங்கண்ணே. ஒக்கலிபுரத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன், அக்காவைப் பார்க்கத்தான். அக்கா, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுக்கா. ஆண்டவர் உங்களை நல்லா வெச்சிருப்பாரு.

— எதுக்கு சின்னப்பா?

— எதுக்கா? வேலையை விட்டு அனுப்பற வி.ஆர்.எஸ். லிஸ்ட்ல முதல் பக்கத்துலயே என் பேரு இருந்துச்சுக்கா. மூணு பொட்டப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? வீட்டுல ரெண்டு நாளா சரியா அடுப்பு எரியல. இப்ப என் பேரை எடுத்துட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஃபேக்டரியில இருந்தா பொண்டாட்டி முதல்ல வி.ஆர்.எஸ். வாங்கிக்கணும்னு மத்தியானம் தீர்மானம் போட்டோமே, அதுல முதல் பேரா உங்க பேரையே குடுத்திருக்கீங்க. யாருக்கு வரும் அந்த மனசு?

— சின்னப்பா, நீ கிளம்புப்பா.

— இல்லண்ணே, நன்றி சொல்ல வேணாமா? "அவகிட்ட எல்லாம் பேசிட்டேன், அவளுக்குப் பூரண சம்மதம்"னு அண்ணன் சொன்ன உடனே, ஸ்ரீகண்டன் சார் மினிட்ஸ் புக்ல "ஏகமனதாக"ன்னு எழுதி மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்பிட்டாருக்கா.

— உக்காரு சின்னப்பா. டீ குடிக்கிறியா?

— வேணாம்க்கா, தவக்காலம். நானும் நம்ம கமிட்டி தியோடர் சாரும் ஈஸ்டர் வரைக்கும் டீயைத் தொடறதில்லைன்னு நேர்ந்துக்கிட்டிருக்கோம். போன வாரம் அண்ணன்கூட கிண்டல் பண்ணாரே! வரேன்க்கா. வரேண்ணே.

— பாகீ, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்தக் கழுதை அதுக்குள்ள வந்து உளறிட்டான்.

— சரி, அப்புறம்?

— மேனேஜ்மென்ட் ஒரே பிடியா நிக்கிறான். ஆளைக் குறைக்கலன்னா செக்‌ஷனையே மூடிடுவேன்கிறான். நான் எவன் வயித்துல அடிக்கிறது? இப்படிப் பண்ணா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சம்பளமாவது நிக்கும். அதுல நியாயம் இருக்கா இல்லையா? உள்ள இருந்த அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்க.

— என் லைன்ல இருக்கிற சீதாலட்சுமி புருஷன் சம்பளம் சாராயக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வர்றதில்ல. அவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல சோறு. அவளும் பொண்டாட்டி லிஸ்ட்தானே? காலையில கேட்ல அவ என் முகத்துல காறித் துப்புவா. நியாயம்தான்.

— அவளுக்குத் தனியா ஏதாவது பார்த்துக்கலாம்.

— எனக்கு?

— உனக்கென்ன குறை? நான் இல்லையா? போன ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில நடக்கும்போதே கேட்டேனே, "நீ வீட்டுல இருந்தா உனக்கும் ரெஸ்ட்டுதானே"ன்னு. நீ ஒண்ணும் சொல்லலையே.

— கால் வலின்னு பெஞ்சுல உக்காந்தேன். அது சம்மதமா? கல்யாணமான மறு வருஷத்துலேர்ந்து அந்த லைன்ல சால்டரிங் பிடிச்சுப் பிடிச்சு என் விரல் நுனியே மரத்துப் போச்சு. அங்க போனாதான் எனக்கு பாகீரதின்னு ஒரு பேரு. இங்க "ஜெயராஜ் வீட்டம்மா". அந்தப் பேரையும் எழுதிக் குடுத்துட்டு வந்து, என் கையாலயே மோர் வாங்கிக் குடிக்கிறீங்க.

— கோபப்படாதே. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. நாளைக்குக் கேட் மீட்டிங்ல மட்டும் என் பக்கத்துல வந்து நில்லு. நீ ஒண்ணும் பேச வேணாம். நின்னாப் போதும், மத்த பொம்பளைங்க அடங்கிடுவாங்க.

— நான் உள்ள இருந்திருந்தா எதிர்த்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியும்.

— அதுக்கு நான் என்ன பண்றது? ஸ்ரீகண்டன் பேச்சை எடுத்த நேரம் பார்த்து நீ டீ வாங்கப் போயிட்டே. அது எதேச்சையா அமைஞ்சது.

— நீங்கதான் அனுப்பினீங்க. "பாகீரதி, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா"ன்னு. எப்பவும் நான்தானே போறது, அதனால எதுவும் தோணல. கெட்டிலைத் தூக்கிக்கிட்டு கேன்டீன் வரைக்கும் போய் க்யூவுல நின்னேன்.

— அதான் நானும் சொல்றேன். வழக்கம்தானே அது?

— திரும்பி வந்தா ஒருத்தரும் தம்ளரைக் கையில எடுக்கல. பாவம், அவசரமாக் கிளம்பறாங்கன்னு நினைச்சு, கெட்டிலோட கொண்டுபோய் நானே கொட்டினேன்.

— பாகீ, விடு.

— சின்னப்பாவுக்கும் தியோடருக்கும் தவக்காலம். ஸ்ரீகண்டன் வீட்டு ஃபிளாஸ்க் காபியைத் தவிர வேற எதையும் தொட மாட்டாரு. உங்களுக்கு அல்சர். அந்த டீ யாருக்குங்க?