எல்விராவுக்கு வந்த மூன்று கண்டனங்கள்

தலைமைப் பொறுப்பை மனமுவந்து ஏற்று, அதனாலேயே என் பேச்சு முடியும்வரை எழுந்துபோக முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும் மாண்புமிகு நகரமன்றத் தலைவர் அவர்களே! எந்தச் சுவரில் வெற்றிடம் கண்டாலும் அங்கே ஒரு வரைபடத்தை மாட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவேன் என்று வாழ்ந்துகொண்டிருக்கும் தென்முனை உரிமைக் கழகத்தின் செயலாளர் திரு. கர்மோனா அவர்களே! தள்ளாத வயதிலும் தளராமல் வந்து, இப்போதே தூங்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! பெறப் போகிறவர்களே! பனிநிலத்தில் குடும்பம் நடத்தக் கழகத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நெஞ்சில் நீல வெள்ளை நாடா குத்திக்கொண்டு முதல் வரிசையில் வீற்றிருக்கும் இளம் தம்பதியரே! எம்பனாடா பரிமாறப்படும் என்ற ஒரே காரணத்துக்காக வந்து பின்வாசலருகே நிற்கும் என் உசுவாயா ஊர்க்காரர்களே! இங்கே வர இயலாவிட்டாலும் நம் எல்லா வரைபடங்களிலும் குடிமக்களாகக் கணக்கில் வந்துவிடும் பென்குவின் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் நெலிதா அர்ரியேத்தாவின் அன்பு வணக்கம்.

செயலாளர் ஐயா சென்ற வாரம் என் வீடு தேடி வந்தார். மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அம்மா, அந்தப் பனியில புள்ள பெத்த கதைய கொஞ்சம் உணர்ச்சியா சொல்லுங்க. இளசுங்களுக்கு ஒரு வேகம் வரும்." "எவ்வளவு உணர்ச்சி வேணும்?" என்று கேட்டேன். "கண்ணு கலங்கணும்மா. ஆனா பயந்துடக் கூடாது" என்றார். ஐயா, என்னால் இயன்றவரை முயல்கிறேன்.

அன்பர்களே! தெற்கே தென்முனைப் பனியில் இருப்பது நம் அர்ஜென்டின மண் என்கிறோம். கேட்கிறேன், மண் எங்கே இருக்கிறது? அங்கே உழுதோமா? விதைத்தோமா? விளைந்ததை அறுத்தோமா? வியர்வையாவது சிந்தினோமா? சிந்தினாலும் அது தரையைத் தொடுமுன் உறைந்துவிடும்! ஆனாலும் அது நமது. அதே பனியைச் சிலிக்காரன் தனது என்கிறான். அதே பனியை ஆங்கிலேயன் தனது என்கிறான். மூன்று நாட்டு வரைபடங்களையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், ஒரே பனிப்பாறைக்கு மூன்று பெயர், மூன்று நிறம், மூன்று சொந்தக்காரர். உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. யாரும் தன் கோரிக்கையைக் கைவிட வேண்டாம், யாரும் புதிதாக ஒன்றைக் கேட்கவும் வேண்டாம், அவரவர் ஆய்வை அவரவர் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றன. சும்மா இருப்பதா? நாமா?

கொடி நட்டோம், காற்று கிழித்துப் போட்டது. தபால் நிலையம் திறந்தோம். முத்திரை குத்திய கை விறைத்துப் போனது. தினந்தோறும் தொலைக்காட்சி வானிலையில் நம் மாகாணங்களோடு சேர்த்து அந்தக் குளிரையும் வாசித்தோம், குளிர் குறையவில்லை. இனி என்ன பாக்கி என்று தலைநகரத்துப் பெரிய தலைகள் யோசித்தன. பிள்ளை! அங்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் உரிமை உறுதி! சரி, யார் பெறுவது? அமைச்சரா? ஜெனரலா? சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் பக்கத்தில் ஒரு ஜெனரலின் மருமகள் உட்கார்ந்திருக்கிறார். சார்ஜென்ட் எவரிஸ்தோவின் மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி நெலிதாதான் அகப்பட்டாள்!

சான் ரோகே தளத்துக்குப் போனோம். என் கணவர் அங்கே வானொலி இயக்குபவர். தளபதி கேப்டன் பால்தொமேரோ எஸ்குர்ரா. மீசை, முதுகு, பேச்சு மூன்றும் விறைப்பு. விரிகுடாவின் எதிர்க்கரையில் சிலிக்காரர்களின் தளம். அந்த ஆண்டு, இதோ இந்தச் சன்னலுக்கு வெளியே தெரியும் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக இரு நாடுகளும் பீரங்கிகளைத் துடைத்துவைத்துக் காத்திருந்தன. இங்கே நீங்கள் இரவில் வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னல்களில் கறுப்புத் துணி கட்டினீர்கள். அங்கே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒருவரையொருவர் கண்டித்துக்கொண்டோம்!

அது ஒரு மரபு. எதிர்க்கரையிலிருந்து யாராவது வந்தால், வாசலில் நிறுத்தி, நம் தளபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கள் மண்ணில் எங்கள் அனுமதியின்றிக் கால் வைத்ததைக் கண்டிக்கிறேன்" என்பார். வந்தவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எங்கள் மண்ணில் எங்கள் அனுமதியின்றிக் கதவு வைத்ததைக் கண்டிக்கிறேன்" என்பார். கண்டனம் சொல்லாமல் உள்ளே விட்டால் அவர் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். கண்டித்து முடித்ததும் கைகுலுக்கல். அவர்கள் கொண்டுவந்த ஒயினும் நாங்கள் வாட்டிய ஆட்டிறைச்சியும் ஒரே மேசையில். பிறகு விடிய விடியச் சீட்டாட்டம். இறையாண்மை வாசலோடு நின்றுகொள்ளும், உள்ளே வராது.

இப்படியிருக்க, என் பிள்ளை நாள் பார்க்காமல் முந்திக்கொண்டது. எங்கள் தளத்து மருத்துவரோ அதற்குமுன்பே காலை முறித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எவரிஸ்தோ வானொலியில் கதறியதும், எதிர்க்கரையிலிருந்து மருத்துவர் ஓயார்சூன் உறைந்த விரிகுடாவைப் பனிவண்டியில் கடந்து ஓடிவந்தார். நான் கட்டிலில் துடிக்கிறேன். கதவு திறக்கிறது. வாசலில் கேப்டன் கையை நீட்டி மறிக்கிறார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். மொதல்ல கண்டனம்."

"சீக்கிரம் சொல்லுங்க கேப்டன். எனக்கும் ஒண்ணு இருக்கு."

"அர்ஜென்டினக் குடியரசின் பெயரால்..."

"சிலிக் குடியரசின் பெயரால்..."

அவர்கள் இருவரும் வாசலில் நின்று ஆளுக்கொரு கண்டம் ஆண்டுகொண்டிருக்க, திறந்த கதவு வழியே பனிக்காற்று என் கட்டில்மேல் வீசுகிறது. நான் கத்தினேன். மன்றத் தலைவர் மன்னிக்க வேண்டும், கத்தியபடியே சொல்கிறேன்: "டேய், எந்த நாடா வேணா இருந்து தொலைங்கடா! மொதல்ல கதவ சாத்துங்க, குளிருது!"

மருத்துவர் உள்ளே வந்து கையுறையைக் கழற்றினார். "அம்மா, ஒரு விஷயம் மட்டும் பதிவு பண்ணிக்கிறேன். நான் இப்போ சிலியிலதான் இருக்கேன்."

"நீங்க நிலாவுல கூட இருங்க டாக்டர். எம்புள்ளைய வெளிய எடுங்க!"

எடுத்தார். பெண் குழந்தை. அழவில்லை. தாய்மார்களே, குழந்தை நீலமாக இருந்தது. நம் கொடியின் நீலமல்ல, மூச்சு வராத நீலம். மருத்துவர் அந்தச் சின்ன வாயில் வாய் வைத்து ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு முனகல் கேட்டது. அந்த முனகலுக்காக நான் எந்தக் கொடியையும் வணங்கியிருப்பேன்.

"நுரையீரல் முழுசா தெறக்கல. கையில இருக்கற ஆக்சிஜன் கொஞ்சந்தான்" என்றார் மருத்துவர். "எங்க நாட்டுப் பூந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். எங்க விமானம் மத்தியானம் கெளம்புது. அத விட்டா புயல். புயல் விடறவரைக்கும் இவ தாங்க மாட்டா."

மரப்பெட்டி இழுப்பறையில் கம்பளி விரித்து, அடுப்போரமாக என் மகளைக் கிடத்தியிருந்தோம். எல்விரா என்று காதில் சொல்லியிருந்தேன். நம் தலைநகரம் அதற்குள் பிறப்பை உலகுக்கே அறிவித்துவிட்டதாம்; வந்த பதில்களோடு வானொலி அறையிலிருந்து எவரிஸ்தோ வந்தார். சிலி அரசின் கண்டனம்: "எங்கள் மண்ணில் எங்கள் மருத்துவர் கையில் பிறந்த எங்கள் குடிமகளை நீங்கள் உங்களவள் என்று அறிவித்ததைக் கண்டிக்கிறோம்." ஆங்கிலேயரின் கண்டனம், பண்பாடு மாறாமல்: "முன் அனுமதி பெறாமல் எங்கள் ஆட்சிப்பகுதியில் பிறந்ததைக் கண்டிக்கிறோம், தாயும் சேயும் நலமென நம்புகிறோம்." பிறந்து பாதி நாள் ஆகவில்லை, அதற்குள் அவள்மேல் இரண்டு வல்லரசுகளின் வருத்தம்! நம் தலைநகரிலிருந்து மட்டும் வாழ்த்து. பிள்ளைக்கு இறையாண்மை என்று பெயர் வைக்கலாமே என்ற அன்பான யோசனை. கூடவே ஓர் உத்தரவு.

"என்ன சொல்றாங்க எவரிஸ்தோ?"

"அந்நிய விமானத்துல குழந்த போகக் கூடாதாம். போனா உரிம போயிடுமாம். புயல் முடிஞ்சதும் நம்ம விமானம் வருமாம்."

"நீ என்ன சொல்ற?"

"நான் சார்ஜென்ட், நெலி."

"நான் அவ அம்மா."

என் கணவரை நான் அன்று வெறுத்தேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். கேப்டன் பால்தொமேரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், விழாக்களுக்கு மட்டும் அணியும் முழுச் சீருடையில் திரும்பி வந்தார். தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் இழுப்பறையின்மேல் கவிழ்ந்தேன். "நவுருங்கம்மா" என்றார். மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினார். என் மகளைத் தூக்கித் தன் நெஞ்சோடு வைத்து, கழுத்துவரை பொத்தானைப் போட்டார். "நீங்களும் கெளம்புங்க" என்றார்.

பனிவண்டியில் விரிகுடாவைக் கடந்தோம். விமானத்தின் விசிறி சுழல்கிறது. விமானி வெர்கரா கதவருகே நிற்கிறார். கேப்டன் விறைப்பாக நின்று, காற்றை மீறிக் குரல் எழுப்பினார்.

"அர்ஜென்டினக் குடியரசின் பெயரால்! இக்குழந்தையை அந்நிய விமானத்தில் ஏற்றுவதை மிக மிகக் கடுமையாகக் கண்டிக்கிறேன்! தலையப் பிடிங்க, தலையப் பிடிங்க. இது மன்னிக்க முடியாத அத்துமீறல்! கம்பளிய இழுத்து மூடுய்யா, காது தெரியுது பாரு!"

விமானி குழந்தையை வாங்கிக்கொண்டே சல்யூட் அடிக்க முயன்றார். "சிலிக் குடியரசின் பெயரால்! எங்கள் குடிமகளை உங்கள் சட்டைக்குள் வைத்திருந்ததை வன்மையாகக் கண்டிக்கிறேன்! அம்மா, வழுக்கும், காலப் பாத்து வைங்க."

இப்படியாக, அன்பர்களே, மூன்றாவது கண்டனமும் முறைப்படி நிறைவேறியது. என் மகள் பிழைத்தாள்.

தலைநகரம் கேப்டனைக் கேட்டதாம்: "தடுத்தீர்களா?" "கடுமையாகக் கண்டித்தேன்" என்றாராம். "கண்டித்தது போதுமா?" "இத்தனை வருஷமாகப் போதுமென்றுதானே நீங்கள் சொன்னீர்கள்" என்றாராம். வடக்கே, கொசு மொய்க்கும் சாக்கோ மாகாணத்தில், ராணுவக் காலணிகளைக் காவல்காக்கும் கிடங்குக்கு அவரை அனுப்பினார்கள். பதவி உயர்வு வரவே இல்லை. அங்கேயே கண்ணை மூடினார். எல்விரா? மெந்தோசாவில் திராட்சை வளர்க்கிறாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே தும்முகிறாள்.

யாரங்கே? "நாட்டுப்பற்றில்லாதவளே" என்றது யார்? ஓ, ராமிரோவா! தம்பி, உன் மகனுக்குத் தட்டைப்பாதம் என்று சான்றிதழ் வாங்கி ராணுவச் சேவையிலிருந்து தப்புவித்தாயே, அவன்தானே இப்போது நம் கால்பந்து அணியின் முன்கள வீரன்? கால் நலமா? உட்கார் தம்பி, எம்பனாடா ஆறிவிடும்.

எனக்கு நாட்டுப்பற்று உண்டு. இந்த ஊரின் காற்றுக்கும், இந்த மக்களின் கேலிக்கும், இந்த மண்ணுக்கும், ஆம், கையில் அள்ளினால் ஒட்டுகிற மண்ணுக்கும் நான் உயிரைக் கொடுப்பேன். என் உயிரை! கேட்டுக்கொள்ளுங்கள், என் உயிரை! பிறந்து பாதி நாளான பிள்ளையின் உயிரை வைத்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்ட எனக்கு அதிகாரம் இல்லை. எவருக்கு இருக்கிறது? அமைச்சகத்துக்கு இருக்கிறதா? கழகத்துக்கு இருக்கிறதா? மூன்று நாடுகள் என் மகளைத் தமதென்றன. அவள் மூச்சுக்குத் திணறியபோது, அந்த மூன்றில் எது அவளுக்காக மூச்சுவிட்டது? ஒரு மருத்துவர் விட்டார். ஒரு கிழட்டுக் கேப்டன் தன் நெஞ்சுச் சூட்டைக் கொடுத்தார். நாடுகள் கண்டித்தன.

முதல் வரிசையில் இருக்கும் என் மக்களே! போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பனியின் அழகைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். போங்கள். ஆனால் கப்பலேறுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பதில் வேண்டாம், கைதட்டலில் கரைகிற பதில் வேண்டாம். என் குழந்தைக்கு மூச்சு முட்டினால், பக்கத்தில் நிற்கும் விமானம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அதில் ஏறலாமா?

என்ன மகளே? ஓரத்து நாற்காலியில் வயிற்றில் கைவைத்திருக்கும் நீதான். எழுந்து நில். நன்றாக உரக்கக் கேள்.

கேட்டீர்களா சபையோரே? "ஏறலாமா, கூடாதா?" என்கிறாள். இல்லையம்மா, என்னைப் பார்க்காதே, எனக்கு விமானமும் கிடையாது அமைச்சகமும் கிடையாது. அவரைப் பார். செயலாளர் ஐயா, தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். அவள் உங்களைத்தான் கேட்கிறாள். பதில் வரும்வரை அவள் நின்றுகொண்டிருப்பாள், பார்த்துக்கொள்ளுங்கள், கால் கடுக்கும் மாதம்.

பொறுமையோடு செவிமடுத்த பெருமக்களுக்கும், வாய்ப்பளித்துவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் கழகத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். இந்தாருங்கள் ஐயா, ஒலிவாங்கி.