வண்டி நிற்காத வாசல்

– கமிட்டி உட்கார இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, அம்சாக்கா. ரிப்போர்ட்ல அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடலாமா?

– எது வெண்மதி? வூடு வூடா போற சென்டர் வண்டிய நிறுத்தணும்னு எழுதினோமே, அதுவா?

– ஆமா. மத்ததெல்லாம் இருக்கட்டும்.

– அத எடுத்துட்டா மத்தது என்னாத்துக்கு? குடியை விட வர்றவங்க ரெண்டாந்தடவ ஏன் நம்ம சென்டருக்கு வர்றதில்லன்னு கேட்டுக்கினுதானே யுனிவர்சிட்டிலேர்ந்து வந்த?

– கேட்டது நான். வண்டி ரிப்பேர்ல கெடந்த ரெண்டு மாசத்தைப் பாருன்னு சொன்னது நீங்க.

– தோணிச்சி, சொன்னேன். கணக்குப் போட்டுக் காட்டினது நீ. அப்ப நாம நடந்துபோயி பார்த்தவங்க விடாம வந்துகினு இருக்காங்க. வண்டி போயி நின்ன வூட்டுலேர்ந்து பாதிப் பேரு வரல.

– வண்டி மேல இருக்கற சென்டர் பேரை அழிச்சுட்டு வேற பெயின்ட் அடிச்சா?

– படிக்கத் தெரியாத பொடிசுங்ககூட 'குடிவண்டி வருது'ன்னு பின்னாலியே ஓடியாருது. பச்சை அடிச்சா பச்சைக் குடிவண்டி. அந்த ஆதிலட்சுமி என்னா சொல்லிச்சி? வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கிகினு இருக்காரு, வாசல்ல இது நின்னா குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கே தெரிஞ்சிபூடும், நீ மட்டும் நடந்து வான்னு கையப் புடிச்சிக்கல?

– தெரியும்க்கா. ஆனா நேத்து சாயங்காலம் செக்ரட்டரி சார் நம்ம ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுத்தானே சொன்னாரு? வண்டி வேணாம்னா வித்துடுவோம், டிரைவரையும் அனுப்பிடுவோம்னு.

– சொன்னாரு. கான்ட்ராக்ட்காரங்கள அனுப்பறதுக்கு என்னா யோசனை அவங்களுக்கு?

– டிரைவர் ராஜாங்கம் அண்ணனைப் பார்க்கவே கூச்சமா இருக்கு. காலையில கேட்டாரு, பார்த்ததையெல்லாம் எழுதிட்டீங்களாம்மான்னு. தலையை மட்டும் ஆட்டினேன்.

– ஹெவி லைசென்ஸ் இருக்கு. மைன்ஸ் பக்கம் லாரிக்கு ஆள் தேடிக்கினுதான் இருக்காங்க.

– சுலபமா சொல்றீங்க. உங்களுக்கு அவரு மேல இரக்கமே இல்லையா?

– இருக்கு.

– அப்புறம்?

– குடிய விடணும்னு நெனைக்கறவன நாமளே தெருவுல காட்டிக் குடுத்துகினு இருக்கோம். அது தெரிஞ்சப்புறமும் என்ன அதே வண்டியில ஏறிப் போவச் சொல்றியா?

– இல்லக்கா.

– அப்ப அந்தப் பக்கம் இருக்கட்டும். அட்டையில ரெண்டு பேரு பேரும் இருக்கு. நீ கணக்கச் சொல்லு. வண்டி சமாச்சாரத்த நான் சொல்றேன்.

– சரி. ஆனா அவருகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடணும். கமிட்டி முடிஞ்சு வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது.

– சொல்லியாச்சி. நேத்து ராத்திரியே.

– என்ன சொன்னாரு?

– நெசம்னா எழுதுங்கன்னாரு.

– ராத்திரியா? அஞ்சரைக்கே ஆபீஸைப் பூட்டிட்டோமே. அவரை எங்க பார்த்தீங்க?

– வூட்டுல. சோறு போட்டுக்கினே சொன்னேன். வேலை செய்யற எடத்துல நாங்க சொல்லிக்கறதில்லம்மா. அவரு எங்க வூட்டுக்காரரு.