ஈரத்தலை

— அந்த ஒரு வரியை மட்டும் நான் ஒட்ட மாட்டேன் பாப்பா.

— விளையாடாதீங்க ஆணி மாமா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு. ஏணியில ஏறியாச்சு இல்ல, ஒட்டிட்டு இறங்குங்க.

— முப்பது வருஷமா உங்கம்மா காட்டின இடத்துலதான் ஆணி அடிச்சிருக்கேன். ஒரு நூல் பிசகினதில்ல. ஆனா இது? "எதிலும் விரைவில் சலிப்புற்று அடுத்ததற்குத் தாவியவர்." போய்ச் சேர்ந்த மனுஷியைப் பத்திப் பெத்த பொண்ணு செவுத்துல எழுதற எழுத்தா இது?

— நானா கைச்சரக்கு சேர்த்தேன்? "எனக்குச் சீக்கிரம் சலிச்சுடும்"னு அவங்களே பேட்டியில சொன்னதுதான். இந்தக் கூடத்தையே சுத்திப் பாருங்க. ஆயில் பெயிண்டிங் எட்டு வருஷம். போட்டோ ரெண்டு. களிமண் ரெண்டு. நூல்வேலை ஒரே ஒரு வருஷம். அப்புறம் எல்லாத்தையும் தலைமுழுகிட்டு, அடுத்தவங்க படத்தை எடுத்து மாட்டற கியூரேட்டர். ஊரு இதைப் பன்முகம்னு சொல்லுது. நான் சலிப்புன்னு சொல்றேன்.

— இவ்ளோ கோவத்தை எங்க வெச்சிருந்தே?

— ஸ்கூல் விட்டு வந்து வாசல்லயே நிப்பேன் மாமா. அம்மா வந்ததும் கட்டிக்க ஓடுவேன். "கிட்ட வராதே!"ன்னு தள்ளி விட்டுட்டு நேரா பாத்ரூம். தலை சொட்டச் சொட்ட வெளிய வரும்போது நான் மூஞ்சியத் திருப்பிட்டுப் படுத்திருப்பேன். போட்டோ சலிச்ச மாதிரி, மண்ணு சலிச்ச மாதிரி, நானும் சலிச்சுட்டேன்னு நினைச்சுக்குவேன்.

— அடிப் பைத்தியமே! உனக்கு மூச்சு இழுப்பு இருந்தது ஞாபகம் இருக்கா?

— சின்ன வயசுல இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— உனக்கு ரெண்டு வயசு. மூணு நாளா ஆஸ்பத்திரி. "வீட்டுல என்ன நெடி?"ன்னு டாக்டர் கேட்டாரு. பெயிண்ட்ல கலக்கற டர்பன்டைன். அன்னிக்கு மத்தியானமே உங்கம்மா பெயிண்ட் பெட்டியோட தூக்கிட்டு வந்து எங்கிட்டக் கொடுத்துட்டாங்க.

— ...போட்டோ?

— படம் கழுவற மருந்து. துணியில ஒட்டிட்டு வந்த நெடிக்கே உனக்கு உதடு நீலம் பாரிச்சுடுச்சு.

— களிமண்ணு?

— தூசி.

— நூலுகூடவா மாமா?

— பஞ்சு பறக்குமே. கடைசியில, "அடுத்தவங்க படம்னா இங்கயே இருக்கும் தம்பி, என்கூட வீட்டுக்கு வராது"ன்னு இந்த வேலைக்கு வந்தாங்க. அப்பவும் செவுத்துத் தூசி ஒட்டியிருக்கும்னு தலைக்கு ஊத்திட்டுத்தான் உன்னைத் தொடுவாங்க.

— பன்னெண்டு வயசுல எனக்குச் சரியாயிடுச்சே! அப்ப திரும்ப வரைஞ்சிருக்கலாமே?

— வரைஞ்சாங்க. இதே கூடத்துப் பின்னறையில, நாலு மாசம். ஒண்ணும் தேறல. "கை மறந்துடுச்சு தம்பி"ன்னு பிரஷ்ஷைக் கழுவி வெச்சுட்டு, என் எதிர்லயே உக்காந்து அழுதாங்க. மறுநாள் வழக்கம்போல, "அந்தப் படம் அரை அங்குலம் கோணல், உன் கண்ணென்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு என்னைத் திட்டினாங்க.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

— நானும் கேட்டேன். "மூச்சு விடறதுக்கெல்லாம் எம்பொண்ணு நன்றி சொல்லிட்டு நிக்கணுமா?"ன்னாங்க. வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியமும் வாங்கிட்டாங்க. இத்தனை வருஷம் கட்டிக் காத்தேன். உன் ஒத்த வரி அதைக் கவுத்துடுச்சு.

— அதைக் கிழிச்சுப் போடுங்க மாமா. அந்தப் பெட்டி எங்க?

— ஏணிக்குக் கீழதான். திறப்புக்கு முன்னாடி உன் கையில கொடுத்துடணும்னு கொண்டாந்தேன். ட்யூபெல்லாம் கல்லாயிடுச்சு. டர்பன்டைன் பாட்டில் மட்டும் அவங்க கடைசியா மூடின மாதிரியே... ஏய், ஏய், அதைத் திறக்காதே! திரும்ப இழுத்துக்கப் போகுது! இரு, இறங்கி வந்து சன்னலைத் திறந்து விடறேன்.

— வேணாம் மாமா. சாத்தியே இருக்கட்டும். அம்மா வாசனை வெளிய போயிடும்.