சாரல் தொட்ட திரையும் முத்துசெல்வியின் மூன்று சொற்களும்

பாறையினும் உறுதியாய் இம்மன்றத்தை நடத்தும் தலைவர் ஆவுடைத்தாய் அம்மையார் அவர்களே, முடியில் நரையும் மொழியில் முதிர்ச்சியும் கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அறிவை நாடி வந்த அன்னையர்களே, தென்காசியின் இளைய நிரலாளர்களே, வணக்கம்.

பொறியாளர் முத்துசெல்வியைப் பாராட்ட என்னை அழைத்தீர்கள். பாராட்டுவேன். அதற்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்மீது எனக்குப் பொறாமை. அளவற்ற அழுக்காறு, பத்துத் திங்களாக அணையாத அழுக்காறு.

ஏன்? குற்றாலம் பேரருவியில் வெள்ளம் வருமுன் குளிப்போரை வெளியேற்றும் சங்குக்கு முதலில் மென்பொருள் எழுதியவன் நான். தொடுதிரை; தூய தமிழில் பொத்தான்கள்; தாமரை வடிவம்; தளிர் நிறம். எங்கே சோதித்தேன்? பங்குனி வெயிலில், குளிரூட்டிய அறையில், உலர்ந்த விரலால். சென்ற ஆனியில் சாரல் வந்தது. விழுந்த துளியையும் விரலென்றே எண்ணியது என் திரை. ஒரே காலையில் மூன்று முறை சங்கு தானே ஊதியது.

பின்வரிசையில் தம்பி பிரின்ஸ் ஏதோ சொல்கிறார். "எண்ணெத் தலையோட ஓடுனதுல நானும் ஒருத்தன் அண்ணாச்சி." சிரியும் தம்பி, எண்ணெய் ஊறிய தலைக்கு அந்த உரிமை உண்டு.

அன்று அருவிக் காவலர் செல்லச்சாமி திரையைக் கழற்றி, துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். "தண்ணியக் கண்டா பயப்படுத மெசின அருவியில வச்சிருக்கியளே அண்ணாச்சி" என்றார்.

என் திரை தோற்ற அந்த இடத்துக்கு வந்தவர் முத்துசெல்வி. விரல் எங்கே படும் என்று கேட்டவன் நான். மனிதன் என்ன செய்ய விரும்புகிறான் என்று கேட்டவர் அவர். மூன்றே சொற்கள் எழுதினார்: தேர்ந்தெடு, உறுதிசெய், கைவிடு. அவற்றுக்குக் கருவி எதுவென்றே தெரியாது. திரையா, பொத்தானா, மிதிகட்டையா? எதுவாயினும் அதன் அசைவை இம்மூன்றாக மாற்றித்தர ஒரு சிறு நிரல் போதும். பேரருவியில் அவர் வைத்தது மிதிகட்டை: மிதித்தால் தேர்வு, மூன்று எண்ணும்வரை அழுத்தினால் உறுதி, முன்பே காலை எடுத்தால் கைவிடல்.

ஆடி முதல் ஞாயிறு மலையில் மழை கொட்டியது. செல்லச்சாமியின் இரு கைகளிலும் இரு குழந்தைகள். கை ஒழியவில்லை; கால் இருந்தது. மிதித்தார். சங்கு ஊதியது. நீர் நிறம் மாறுமுன் அருவிக்கரை வெறுமையானது.

மகிழ்ந்தேனா? இல்லை. எல்லோருக்கும் அவர் திறந்துவைத்த நிரலில் மூன்று நாள் பிழை தேடினேன். பிழை கிடைக்கவில்லை, செய்தி கிடைத்தது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையின் எடைமேடையிலும் அதே சொற்கள், ஒரு வரி மாறாமல் ஓடுகின்றனவாம். சாறு படிந்த கைகள் அல்லவா? அங்கே முழங்கையால் இடிக்கும் பொத்தான். நானோ ஒரு கருவிக்கு இரு திங்கள் எழுதினேன். கருவி மாறினால் முதலிலிருந்து அழுதேன்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன், அம்மா.

ஐந்தருவியின் சங்குக்கு இன்னும் என் திரைதான் இருக்கிறது. மாற்றும் பொறுப்பும் என்னுடையது. மாற்றாதிருக்கக் காரணம் தேடியவனும் நானே. அடுத்த வாரம் சாரல் தொடங்கும். அங்கே உங்கள் பிள்ளைகள் குளிப்பார்கள். என் தாமரை பெரிதா, அவர்கள் உயிர் பெரிதா?

நேற்று முத்துசெல்வியிடம் கேட்டேன், எத்தனை நாள் ஆகுமென்று. "அரை நாளு போதும் அண்ணாச்சி. கட்டைய நட்டுத் தாறேன், நீங்க வந்து மிதிச்சுப் பாருங்க."

அரை நாள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நாளைக் காலை என் திரையை நானே கழற்றுவேன். அவர் கட்டையை முதலில் மிதிப்பவனும் நானே. மூன்று எண்ணுவேன். ஊதாமல் போகாதா என்று உள்மனம் ஒரு நொடி ஏங்கும். ஊதும்.

ஒரு பொறாமைக்காரனுக்குப் பொறுமையாய்ச் செவி தந்த அவைக்கு நன்றி. என்னை வென்ற முத்துசெல்விக்கு வாழ்த்து. வணக்கம்.