பிரேக்கை மிதித்த கால்

கருமத்தம்பட்டி போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருத்தர் தறி மெக்கானிக். அவர் சொன்னது காதில் விழுந்தது.

“எங்கூட்டுக்காரியோட வலது காலுக்கு நான் கும்புடு போடோணுங்க.”

“ஏனுங்ண்ணா, அது பக்கவாதம் வந்த காலாச்சே?”

“அதேதானுங்க. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மச்சான் காரைக் குடுத்திருந்தாரு. எங்கூட்டு வாசல்லயே முன் ஆக்சில் போயிருச்சு. உக்கடத்துப் பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்கியாந்து நானே மாத்த உக்காந்துட்டேன்.”

“தறி மாட்டற கைக்குக் காரு தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க. செல்லுல பாத்துப் பாத்துத்தான் கழட்டுனேன். சக்கரத்து நடு நட்டு மட்டும் வரல. திருப்புனா சக்கரமும் கூடவே சுத்துது. யாராச்சும் பிரேக்கை மிதிச்சுப் புடிக்கோணும். ஊட்டுல அவ மட்டுந்தான். காலைக் கையால தூக்கி பிரேக்கு மேல வெச்சா.”

“நல்ல காலுல மிதிச்சிருக்கலாமே?”

“நானும் அதையத்தான் சொன்னேன். பிரேக்குக்கு வலது காலுதானேன்னு என்னையவே அதட்டறா. டாக்டரு பயிற்சிக்குச் செவுத்தை மிதிம்மான்னு எத்தனையோ தடவை சொல்லியும் மிதிக்காதவ. அன்னைக்கு மிதிச்சாளுங்க, நட்டு கழண்டுபோச்சு.”

“அப்பறம் எதுக்குங்ண்ணா பஸ்ஸு?”

“காரை மச்சான்கிட்டக் குடுத்துப்போட்டோம். இனி பஸ்ஸே போதுங்கறா.”

கருமத்தம்பட்டி வந்தது. மெக்கானிக் எழுந்து போய், பெண்கள் சீட்டில் இருந்த ஒரு அம்மாவிடம் கையை நீட்டினார்.

“நீங்க எறங்குங்க, நான் வாரேன்” என்றார் அந்த அம்மா.

அவர் இறங்கிக் கீழே நின்றார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. அந்த அம்மா கம்பியைப் பிடித்து, வலது காலைத்தான் முதலில் தரையில் வைத்தார்.